மணி ஒலித்த பின்னும் எரிந்த நகரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2019 மே மாதம் நிறைவுற்ற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில், அரியணைக்காகப் போராடும் அரசி டெனேரிஸ் ஒரே நாளில் கொடுங்கோலியாகிவிட்டாள் என்று பலர் குறைபட்டுக்கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அண்ணன் தலையில் உருக்கிய பொன் ஊற்றப்பட்டபோது கலங்காமல் நின்றவளும், மீரீன் நகரில் 163 எசமானர்களைச் சிலுவையில் அறைந்து கொல்லச் செய்தவளும் அவளே. மாண்டவர்கள் அடிமைகளை வதைத்தவர்கள் என்பதால் நாமும் கைதட்டினோம். ஆயினும், தலைநகர் சரணடைந்ததற்கு அறிகுறியாக மணிகள் ஒலித்த பின்னரும் டிராகன்மேல் அமர்ந்து தெருத்தெருவாக மக்களை எரிக்கும் அளவுக்கு அவள் மனம் திரிந்ததைக் காட்ட, 6 பகுதிகளே கொண்ட இறுதிப் பருவம் போதவில்லை. தோழி மிசாண்டேயை இழந்த துயரத்தையும், அரியணை உரிமை தன் காதலன் ஜானுக்கே மிகுதி என்றறிந்த அச்சத்தையும் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். மணியோசை கேட்கையில் முகம் துடிக்கும் அந்தச் சில நொடிகளில், எழுத்தில் விடுபட்டதையெல்லாம் எமிலியா கிளார்க் தம் நடிப்பாலேயே ஈடுசெய்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்