கிழங்கு தோண்டும் மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பள்ளிக்குப் பின்னால் வேலி போட்ட மூன்று சென்ட் இடம் கிடைத்திருக்கிறது, பிள்ளைகளை வைத்து அதில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். ஜப்பானில் தொடக்கப் பள்ளிகளில் இந்த இலையுதிர் பருவத்தில் என்னதான் நடக்கும் என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

இங்கே அக்டோபர் வந்தால் பள்ளிகளில் 'இமோஹோரி', அதாவது கிழங்கு தோண்டுதல். பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை அது. அந்த வயதில் அவர்களுக்கு அறிவியல், சமூகம் என்று தனிப் பாடங்கள் கிடையாது. 1992 முதல் 'செய்கத்சு' என்ற ஒரே பாடம் இருக்கிறது. வாழ்க்கைப் பாடம் என்று சொல்லலாம். செடி வளர்ப்பது, தெருவைச் சுற்றிப் பார்ப்பது, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தோட்டத்துக்குப் போனால் பாடம் கெட்டுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தலைமையாசிரியரிடம் பேசும்போது இதை முதலில் சொல்.

நிலம் பல பள்ளிகளுக்குச் சொந்தமில்லை. பக்கத்து விவசாயி ஒருவர் தன் வயலில் ஒரு மூலையை விட்டுக்கொடுப்பார். பார், அதாவது நடுவதற்கான நீளமான மண்மேடு, பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். மே, ஜூனில் நடுகிறார்கள். ஓரடி உயரத்துக்குப் பார் அணைத்து, ஓரடிக்கு ஒன்றாகக் கொடித்துண்டை வைத்து, மூன்று நான்கு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்வாகப் பதித்து, இலைகளை வெளியே விட வேண்டும். கணுவில்தான் கிழங்கு பிடிக்கும். அதனால் துண்டைக் குச்சி மாதிரி நேராகக் குத்திவைத்தால் கிழங்கின் எண்ணிக்கை குறையும். நட்ட முதல் வாரம் இலையெல்லாம் துவண்டு செத்த மாதிரி கிடக்கும். பிள்ளைகள் பயந்துபோய்ப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிடுங்க விடாதே. வேர் பிடித்ததும் தானே நிமிரும்.

நல்ல மனதுள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு எரு போடுவது. தழைச்சத்து கூடினால் கொடி காடாக மண்டும், கீழே சுண்டுவிரல் பருமனில் வேர்தான் இருக்கும். ஜப்பானியர்கள் இதற்கு 'த்சுருபொகே' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். முந்தைய பயிருக்குப் போட்ட உரத்தின் மிச்சமே போதும். கொடி தரையில் படர்ந்து வழியெல்லாம் வேர்விட்டால் சத்து அங்கங்கே சிதறும். மாதம் ஒருமுறை கொடியைத் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. இங்கே பெருநிலப்பகுதியில் பொதுவாக இல்லாத, கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு அங்கே உண்டு. மண் வெடித்துக் கிழங்கு வெளியே தெரிந்தால் அது முட்டையிட வந்துவிடும். நட்டு ஒரு மாதத்தில் கட்டாயம் மண் அணையுங்கள், அடுத்த ஆண்டு அதே பாத்தியில் நடாதீர்கள். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கினால் எல்லாம் அழுகும். பாருக்கு இடையில் வாய்க்கால் எடுத்து வெளியே வடியவிடு. இந்த மாதமே நட்டால் நான்கு மாதத்தில், பிப்ரவரி கடைசிக்குள், ஆண்டுத் தேர்வுக்கு முன்னே தோண்டிவிடலாம்.

தோண்டும் நாளை ஒரு திருவிழாவைப் போலத் திட்டமிடுகிறார்கள். ஒரு வாரம் முன்பே ஒரே ஒரு தூரைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். தோண்டும் நாளுக்கு முந்தின இரண்டு மூன்று நாள் மழை இருக்கக் கூடாது. ஈரமாக எடுத்த கிழங்கு நிற்காது. அன்று காலை, பிள்ளைகள் வருமுன், பெரியவர்கள் கொடியை அரிவாளால் அறுத்து ஒதுக்கிவிட்டு, தூரில் மட்டும் ஒரு சாண் தண்டை விட்டுவைப்பார்கள். அதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாளம்.

எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது அந்தத் தண்டைப் பிடித்து இழுப்பதுதான். தண்டு கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே நிற்கும். கரண்டியைத் தண்டை ஒட்டிக் குத்தினாலோ கிழங்கு இரண்டாகும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளியிலிருந்து உள்நோக்கி மண்ணை எடுக்க வேண்டும். சிவந்த தோல் தெரிந்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விரலால் மட்டும் பறிக்க வேண்டும். அந்த நொடியில் பிள்ளைகளின் பேச்சு அடங்கிவிடும், பார்த்திருக்கிறாயா? விரல்கள் கிழங்கின் வளைவைத் தடவிக்கொண்டே அது எங்கே முடிகிறது என்று தேடும். தோல் உரசினால் வெள்ளைப் பால் கசிந்து கையில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், சட்டையில் பட்டால் கறை போகாது. பழைய துணியும் பருத்திக் கையுறையும் போட்டு அனுப்பச் சொல்லிப் பெற்றோருக்கு முன்கூட்டியே சீட்டு போகும்.

அறுத்த கொடியும் வீணாகாது. அதை வைத்தே வடம் இழுக்கிறார்கள். மிச்சத்தை வளையமாகச் சுற்றிக் காயவைத்தால் டிசம்பரில் கதவில் மாட்டும் அலங்காரம். அங்கே உனக்கு ஆடுமாடு வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

கிழங்கைக் கழுவக் கூடாது. மண்ணை உதறி, நிழலில் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி கூடவே கூடாது, 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே கறுத்து அழுகும். வெட்டுப்பட்டதைத் தனியாகப் பிரித்து அன்றே சமைத்துவிடுங்கள். நல்லதை இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் மாவு சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும். காத்திருப்பதற்குள் வகுப்பில் எடை போட்டுவிடலாம். இங்கே கிராம், கிலோகிராம் மூன்றாம் வகுப்புப் பாடம். பெரிய பிள்ளைகள் தராசோடு வந்து சின்னவர்களின் கிழங்கை நிறுத்துக் கொடுத்தால் இரு வகுப்புக்கும் அது ஒரே பாடமாகிவிடும்.

சுடுவதற்கும் பொறுமை வேண்டும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, தீயில் போடாமல் தணலில் புதைத்து, திருப்பிவிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் வரை. கிழங்கின் உட்சூடு 70 டிகிரியை ஒட்டி மெதுவாக ஏறும்போதுதான் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி வேலை செய்யும். அவசரமாகக் கொதிக்கவைத்தாலோ மைக்ரோவேவில் வைத்தாலோ வெந்துவிடும், இனிக்காது. சைதாமா மாவட்டத்துக் கவாகோயே ஊர்க் கிழங்குக்கு 'பதின்மூன்று ரி' என்று பழைய செல்லப்பெயர் உண்டு. ரி என்பது பழைய ஜப்பானியத் தொலைவு அளவு. ஜப்பானிய மொழியில் 'குரி' என்றால் ஒரு கொட்டைப் பழம், ஒன்பது ரி தொலைவு என்றும் கேட்கும். 'யோரி' என்றால் 'அதைவிட', நான்கு ரி என்றும் கேட்கும். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. குரியைவிட ருசி என்று பொருள். கவாகோயேயும் எடோ நகரிலிருந்து (டோக்கியோவின் பழைய பெயர்) ஏறத்தாழ அத்தனை ரி தொலைவுதான். அக்டோபர் 13 கிழங்கு நாள் ஆனதும் இதனால்தான். இந்தக் கணக்கை உன் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

கிழங்கு விருந்துக்கு நிலம் கொடுத்தவரையும், காலையில் சாலை கடக்க உதவும் மஞ்சள் கொடிப் பெரியவர்களையும் அழைப்பார்கள். பரிமாறுவது பிள்ளைகள். மதிய உணவைத் தினமும் அவர்களே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுப் பரிமாறுவதால் கை பழகியிருக்கும். ஒரே ஒரு சூத்திரம்: எல்லாத் தட்டிலும் முதலில் கொஞ்சம் குறைவாகவே போட வேண்டும். முதல் பத்துப் பேருக்குத் தாராளமாகப் போட்டால் கடைசி ஐந்து பேருக்கு இருக்காது. மிச்சத்தைப் பிறகு கேட்பவர்களுக்குப் பிரிக்கலாம்.

ஓக் மரக் கொட்டையில் பம்பரம் செய்வது இன்னொரு வேலை. கொட்டைக்குள் புழு இருக்கும், அதனால் தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். துளை நடுவில் விழாவிட்டால் பம்பரம் தலையாட்டும், அவ்வளவுதான்.

விளையாட்டு விழாவான உந்தோகாயும் இந்தப் பருவத்துடையதே. 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10 நினைவாகத்தான் விளையாட்டு நாள் விடுமுறை வந்தது, இப்போது அக்டோபர் இரண்டாம் திங்கள். வெயில் கடுமையாவதால் பல பள்ளிகள் விழாவை மே மாதத்துக்கு நகர்த்திவிட்டன, அல்லது அரை நாளாகக் குறைத்துவிட்டன. எனக்கு அது சரியென்றே படுகிறது. பல அடுக்கு மனிதப் பிரமிடு கட்டுவதும் விபத்துகளுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது. உனக்கு நான் பரிந்துரைப்பது 'தாமாஇரே' மட்டும். சிவப்பு அணி, வெள்ளை அணி, கம்பத்தின் உச்சியில் கூடை, தரையில் துணிப்பந்துகள். ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைக்கும் இதில் சம இடம். முடிந்ததும் இரு கூடையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பந்தாக மேலே வீச, மைதானமே ஒன்று, இரண்டு என்று எண்ணும். எண்ணும்போது பந்தை அவசரமாக வீசவிடாதே, ருசியே அதில்தான். பழைய சேலைத்துணியில் கைப்பிடி அரிசி வைத்துத் தைத்தால் பந்து தயார். உமி வைக்காதே, எடை போதாமல் கூடை வரை எட்டாது.

அடுத்த கடிதத்தில் அந்த மூன்று சென்ட் மண் செம்மண்ணா களிமண்ணா என்று எழுது. களியாக இருந்தால் மணல் கலந்து, பாரை இன்னும் அரையடி உயர்த்த வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் தோழி