சிறிய படுக்கையறையை விசாலமாக்கித் தருவதாகச் செய்த வேலை: புகாரும் திருத்தக் கோரிக்கையும்

அனுப்புநர்: மூன்றாம் தள வீட்டு உரிமையாளர்கள், சென்னை
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், உள் அலங்காரப் பிரிவு
பொருள்: 10-க்கு 10 அடி படுக்கையறையில், கையெழுத்தான வரைபடத்துக்கும் கொட்டேஷனுக்கும் மாறாகச் செய்த வேலைகள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த அறை 10 அடிக்கு 10 அடி. தரையிலிருந்து கான்கிரீட் வரை உயரம் 9 அடி 6 அங்குலம். இருக்கிற இடம் விசாலமாகத் தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் நாங்கள் கேட்டது. உங்கள் டிசைனர் கொடுத்த வரைபடம் நல்ல வரைபடம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முடிந்த வேலை அதிலிருந்து எல்லா முக்கியமான இடத்திலும் விலகிவிட்டது. எங்கே, எவ்வளவு என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். டேப்பைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வார்ட்ரோப். மேற்குச் சுவரில் 8 அடி நீளம், 26 அங்குல ஆழம், ஸ்லைடிங் கதவு என்பது வரைபடம். அப்படிச் செய்திருந்தால் அறையில் 94 அங்குலம் மிஞ்சும். தெற்குச் சுவரில் தலைமாடு வைத்து 60 அங்குலக் கட்டிலைப் போட்டால், வார்ட்ரோப் பக்கம் நடக்க 24 அங்குலம், ஜன்னல் பக்கம் திரைச்சீலை தொங்க 10 அங்குலம் என்று கணக்குச் சரியாக இருக்கும். வந்திருப்பது கீல் வைத்துத் திறக்கும் நான்கு கதவுகள், ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். வரைபடத்தில் இல்லாத இரண்டு சைட் டேபிள்களையும், தலா 14 அங்குலம், தலைமாட்டுப் பலகையோடு சேர்த்துச் சுவரில் அடித்துவிட்டார்கள். அதனால் கட்டிலை நகர்த்த வழியில்லை. வார்ட்ரோப் முகப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே 20 அங்குலம்தான் இருக்கிறது. 24 அங்குலக் கதவு 20 அங்குல இடத்தில் எப்படித் திறக்கும்? தென்மூலைக் கதவு சைட் டேபிளில் இடித்து, கை நுழையும் அளவோடு நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள இரண்டும் கட்டில் விளிம்பில் இடித்துப் பாதியில் நிற்கின்றன. கதவு நேர்கோணத்துக்கு வராததால் உள்ளே இருக்கும் டிராயர்களை இழுக்க முடியாது. வடக்கோரக் கதவு மட்டும் முழுதாகத் திறக்கிறது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் இருப்பது 18 மி.மீ., ஐஎஸ் 303 (இந்தியத் தரநிலை), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) தரப் பிளைவுட். கீல் பதிக்கத் துளைத்த 35 மி.மீ. குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளைவுட் என்றால் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். இங்கே தெரிவது பசையில் அழுத்திய மரத்தூளும் சிராயும், அதாவது பார்ட்டிகிள் போர்டு. தரை துடைக்கும் ஈரத்திலேயே அடிப்பலகையின் விளிம்பு உப்பி, விளிம்பில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் பட்டை பிரிந்து நிற்கிறது. கதவை மட்டும் ஸ்லைடிங்காக மாற்றித் தருகிறோம் என்று உங்கள் சூப்பர்வைசர் சொல்வதை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான். கண்ணாடி பதித்த ஸ்லைடிங் கதவின் எடை பெரும்பாலும் அடி டிராக்கில்தான் இறங்கும். உப்பிய பலகையில் டிராக்கின் ஸ்க்ரூ பிடிக்காது. கொஞ்ச நாளில் கதவு சாய்ந்து சிக்கும்.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங். ஜன்னல் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்தில், 4 அங்குலம் மட்டும் இறக்கி, திரைக்கம்பியை மறைக்கும் பட்டை. மற்ற இடமெல்லாம் திறந்த கான்கிரீட்டில் வெள்ளை பெயிண்ட். ஒப்புக்கொண்டது இவ்வளவே. நீங்களோ அறை முழுவதையும் 12 அங்குலம் இறக்கியிருக்கிறீர்கள். இப்போது உயரம் 8 அடி 6 அங்குலம். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டடக் குறியீடு. 2.4 மீட்டர் வரை குறையலாம் என்ற சலுகை ஏசி அறைக்குத்தான். இது ஏசி இல்லாத அறை. தலையில் இடிக்கும் என்று ஃபேன் ராடையும் வெட்டியதில், இறக்கைக்கும் சீலிங்குக்கும் இடைவெளி 5 அங்குலமாகிவிட்டது. ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. அதற்கு ஓர் அடியாவது வேண்டும். வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் கட்டிலில் காற்று இறங்கவில்லை. சிறிய அறையில் உயரத்தைத் தின்ற பிறகு வேறு எந்த அலங்காரம் செய்தும் அந்த நெருக்கத்தைச் சரிக்கட்ட முடியாது.

திரைச்சீலைக் கம்பி சீலிங்கை ஒட்டி, ஜன்னலைவிட இரு பக்கமும் 8 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். துணி தரைவரை இறங்க வேண்டும். செய்திருப்பது ஜன்னல் அளவுக்கே 4 அடிக் கம்பி, அதுவும் ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் கான்கிரீட்டை ஒட்டி. திறந்து ஒதுக்கிய துணியே பக்கத்துக்கு 8 அங்குலக் கண்ணாடியை மறைக்கிறது. காலை வெயில் வரும் கிழக்கு ஜன்னலில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வீண்.

நிலைக்கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, வார்ட்ரோப் கதவில் வரவேண்டியது. அங்கே இருந்தால்தான் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் திருப்பும். வடக்குச் சுவரில் ஒட்டியிருப்பதால், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் தலைமாட்டுப் பலகைதான் அதில் தெரிகிறது. ஒட்டிய சிலிக்கானும் தவறானது. ஒட்டும்போது வினிகர் வாடை அடித்தது. அது அமிலம் விடும் வகை, கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும். கீழ் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. நியூட்ரல் சிலிக்கான்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

சுவர் நிறத்தோடு ஒன்றிப்போகும் ஐவரி மேட் லேமினேட்டுக்கு (பலகைமேல் ஒட்டும் மேல்தகடு) பதில் வால்நட் பளபளப்பு போட்டிருக்கிறீர்கள். மேலே லாஃப்ட் கதவு மட்டும் வேறு நிறம். 7 அடி உயரத்தில் ஒரு கோடு விழுந்து சுவரையே குட்டையாக்குகிறது. ஸ்டாக் இல்லை என்றால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாங்கள் கேட்பது: வார்ட்ரோப்பை முழுதாகக் கழற்றி, கொட்டேஷனில் உள்ள பிளைவுட்டில், வரைபடத்தின்படி ஸ்லைடிங்காக, ஐவரி மேட்டில் புதிதாகச் செய்துதர வேண்டும். வெட்டுவதற்கு முன் பலகையின் ஐஎஸ்ஐ முத்திரையை எங்களிடம் காட்ட வேண்டும். சைட் டேபிள்களையும் ஃபால்ஸ் சீலிங்கையும் எடுத்துவிட்டு, ஆங்கர் துளைகளை அடைத்து, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஃபேனுக்குப் பழைய நீள ராடு, வரைபட அளவில் திரைக்கம்பி, தரைவரை திரைச்சீலை, பின்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய 5 மி.மீ. புதுக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். இவற்றுக்குத் தனிக் கட்டணம் தரமாட்டோம். நிறுத்திவைத்த கடைசித் தவணை 10 சதவீதத்தை வேலை முடிந்ததும் தருகிறோம்.

15 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையெனில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். 1915 உதவி எண்ணிலும் பதிவு செய்வோம். வரைபடம், கொட்டேஷன், பணம் கட்டிய ரசீதுகள், அளவு டேப்புடன் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம்.

பலகை ஏற்ற லிஃப்டைக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் பயன்படுத்தலாம் என்பது குடியிருப்புச் சங்கத்தின் விதி. ஞாயிற்றுக்கிழமை ட்ரில் வேலைக்கு அனுமதி இல்லை. அதைக் கணக்கில் வைத்து ஆட்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்