டொக் வாங்குமுன் ஒரு வார்த்தை: மலையகப் பாடசாலைகளுக்கு மடிக்கணினி அனுப்பும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து பணம் சேர்த்து உதவும் அன்பர்களுக்கும் வணக்கம்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு நீங்கள் அனுப்பும் மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுப்பதும், பழுதென்று அழைத்தால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றுபோனதால், அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் பதிப்புகளில் ஒன்றைப் போட்டால் அதே கணினி இன்னும் பல காலம் உழைக்கும். லினக்ஸ் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரிலேயே, பெடோரா என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் ஒரு லினக்ஸ் பதிப்பு உருவானது.

ஆகவே கணினிகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவற்றோடு வரும் யூஎஸ்பி-சி டொக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்: கணினியின் ஒரே துவாரத்தில் செருகி, திரை, மவுஸ், இணையம் எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி அது.

யூஎஸ்பி-சி துவாரத்தின் வடிவம் எல்லாக் கணினியிலும் ஒன்றுதான். அதனுள் ஓடுவதுதான் வேறு வேறு. சிலவற்றில் தரவு மட்டும் போகும். சிலவற்றில் மின்சாரமும் ஏறும். இன்னும் சிலவற்றில் கிராபிக்ஸ் சில்லிலிருந்து படம் நேரடியாக வெளியே வரும். அதற்கு டிஸ்பிளேபோர்ட் ஆல்டர்நேட் மோட் என்று பெயர். இந்த வழியைப் பயன்படுத்தும் டொக்குக்கு லினக்ஸில் தனி டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், எதுவும் வேண்டாம். செருகினால் படம் வரும்.

டிஸ்பிளேலிங்க் என்ற வகை டொக் அப்படியல்ல. கணினியின் செயலி படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்ப, டொக்கில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குக் கொடுக்கிறது. விண்டோஸில் டிரைவர் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. லினக்ஸில் அந்த மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டும். அதனுடன் ஈவிடிஐ என்ற துணுக்கையும் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் சேர்க்க வேண்டும். கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணுக்கு மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அனேகமாகத் தானாக நடக்கும். நடக்காத நாளில் திரை கறுப்புத்தான்.

ஒப்புதல் பெறாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியென்றால் இன்னொரு தொல்லை. ஈவிடிஐயை நிறுவிக் கணினியை மறுபடி தொடக்கியதும் ஆங்கிலத்தில் ஒரு நீலத் திரை வரும். விசை ஒன்றை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். தரம் எட்டுப் பிள்ளை பயந்து கையை எடுத்துக்கொள்ளும். பத்து விநாடி கழிந்ததும் கணினி வழக்கம்போலத் திறக்கும். மவுஸ் ஓடும், விசைப்பலகை ஓடும், டொக்கின் வழியே இணையமும் வரும். ஈவிடிஐக்கு ஒப்புதல் கிடைக்காததால் புரொஜெக்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று நிற்கும். மற்றதெல்லாம் ஓடுவதால் ஆசிரியர் புரொஜெக்டரைத்தான் சந்தேகிப்பார். நல்ல புரொஜெக்டர் ஒன்று பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், பழுதேதும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்பிளேலிங்கைக் குப்பை என்று சொல்லவில்லை. படம் தராத யூஎஸ்பி துவாரம் மட்டுமே உள்ள கணினிக்கு வெளித்திரை வேண்டுமானால் அதுதான் கைகொடுக்கும். உபுண்டுவுக்கு அதிகாரபூர்வ டிரைவரும் இருக்கிறது. ஆனால் அதைக் கவனிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கொழும்பு அலுவலகத்தில் அந்த ஆள் இருப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கித் தேயிலை மலையில் நடந்து போக வேண்டிய பாடசாலையில் இருக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பும் பழைய கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துவாரம் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்கு டொக்கே தேவையில்லை. இணையக் கம்பி செருகும் ஈதர்நெட் துவாரம் உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி ஹப், அதாவது ஒரு துவாரத்தைப் பலவாக்கும் கருவி, போதும். அத்தகைய ஹப்களில் பரவலாகக் காணப்படும் ரியல்டெக் ஆர்டிஎல்8153 சில்லுக்கான டிரைவர் லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கிறது. பாடசாலைப் புரொஜெக்டருக்கு 4கே இரட்டைத் திரை வசதி எதற்கு? அப்படிப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டு, சாதாரண யூஎஸ்பி துவாரத்திலும் செருகலாம் என்று சொல்லும் டொக்குகளில் பல டிஸ்பிளேலிங்க் வகையே. ‘டிரைவரை இறக்கவும்’ என்ற சிறிய எழுத்து வரியையும் தேடிப் பாருங்கள். யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் வேறொரு இணைப்பு வகையான தண்டர்போல்ட் டொக்கை யாராவது மலிவாகத் தந்தால் இன்னும் கவனம்: செருகி பொருந்தும், ஆனால் தண்டர்போல்ட் இல்லாத கணினியில் அவற்றில் பல வேலை செய்வதில்லை.

டொக்கோடு வந்த கேபிளைத் தயவுசெய்து பிரித்தெடுக்காதீர்கள். தொலைபேசிக் கடையில் வாங்கும் சார்ஜ் கேபிள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், பல யூஎஸ்பி 2.0 வேகத்தோடு, 480 மெகாபிட்டோடு, நின்றுவிடும். அதில் படம் போகாது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் கம்பியில் மரம் விழுந்தால் தனி அடாப்டரில் ஓடும் பெரிய டொக் அணைந்துபோகும். மடிக்கணினியில் பேட்டரி இருந்தும் இணையம் துண்டிக்கப்படும். கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய ஹப் தொடர்ந்து ஓடும். ஆனால் சார்ஜரை ஹப்பின் வழியாகச் செருகியிருந்தால் அந்த நொடியில் ஹப் அறுந்து மீளக்கூடும். பென் டிரைவில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம். கணினிக்குத் தனிச் சார்ஜர் துவாரம் இருந்தால் அதிலேயே செருகச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் கணினியின் மாதிரி எண்ணையும் துவாரத்தின் அருகே உள்ள குறியின் படத்தையும் பாடசாலையிடம் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் உபுண்டு ஏற்றிய பென் டிரைவோடு அதே மாதிரி மடிக்கணினி ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே திறந்து டொக்கைச் செருகுங்கள். படம் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால், செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையை டெர்மினலில் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் டிஸ்பிளேலிங்க் என்ற பெயர் தெரிந்தால் பெட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். சோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

மிஞ்சும் காசில் பத்து மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று அனுப்பினால் பெரிய உதவி. நான் பார்த்த கணினி அறைகளில் புரொஜெக்டர் ஒரு கோடியிலும் மின்செருகி மறு கோடியிலும்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஹட்டன் வட்டாரக் கணினிப் பராமரிப்பாளன்