சொல் நோட்டு பற்றி ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளையே உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். படிக்கத் தெரிந்தவர்களும் கையில் வாங்காமல் உட்கார்ந்து கேளுங்கள். (வாசிக்கிற பிள்ளைக்கு: உனக்குப் பிடிக்காத இடம் வந்தால் தாவிப் போகாதே.)

போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. தமிழ்ப் பாடவேளையில் கதைப் புத்தகம் எதற்கு என்பது ஒன்று. சொல் நோட்டில் சொல் மட்டும் இருக்கிறதே, அர்த்தத்தை டீச்சர் எழுதிப் போடவில்லையா என்பது இன்னொன்று. அன்று நேரமில்லை, ஏதோ இரண்டு வரி சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உறைத்தது.

ஆறாம் வகுப்பில் வாசிப்பது 'புதையல் தீவு'. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி, 1883-ல் நூலாக வந்த கடல் சாகசக் கதை. மூலத்தில் 34 அத்தியாயங்கள். நம் கையில் இருப்பது தமிழ்ச் சுருக்கம். 31 பிள்ளைகளுக்கு 12 பிரதிகள்தான், அதனால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை. மற்ற நாட்களில் பாடப்புத்தகம் வழக்கம்போல நடக்கிறது, கவலை வேண்டாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நானும் நீங்கள் கேட்ட மாதிரிதான் செய்தேன். கதையிலிருந்து இருபது சொற்களைப் பொறுக்கி, எதிரே அர்த்தம் எழுதிப்போட்டு, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் வைத்தேன். பாதிப் பேர் இருபதுக்கு இருபது. இரண்டு வாரம் கழித்து அதே சொற்களை முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டேன். 'நங்கூரம்' என்றால் என்ன என்று கேட்டதற்கு, "பெரிய சத்தம் டீச்சர்" என்றான் ஒருவன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த சொல் அது! அன்றோடு அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது செய்வது வேறு. தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்பதில்லை. சொல்லையும் பக்க எண்ணையும் எழுதி, பக்கத்தில் "நான் நினைப்பது" என்று ஒரு இடம் விடுகிறோம். கதை போகப்போக அதை அடித்துத் திருத்திக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த காலி இடம் அதுதான்.

'பீப்பாய்' வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். கப்பலில் ஆப்பிள் வைத்திருக்கும் பீப்பாய்க்குள் ஜிம் என்ற பையன் இறங்குகிறான். அந்தச் சொல் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. "கூடை" என்றார்கள் முதலில். ஆப்பிள் என்றால் கூடைதானே. உடனே ஒரு பெண், "அடியில் கிடக்கிற ஆப்பிளை எடுக்க ஆளே உள்ளே இறங்கணும்னா அது எப்படி கூடையாகும்?" என்றாள். சரி, பெட்டி. அடுத்த வரியில் ஒரு தடியன் வந்து அதன்மேல் தோளைச் சாய்த்து உட்காருகிறான், அது ஆடுகிறது. அப்படியானால் தனியாக நிற்கும், உயரமானது, உள்ளே பையன் இருப்பது வெளியே தெரியாது. "தண்ணி ட்ரம்!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். ட்ரம்தான், ஆனால் மரத்தில் செய்தது என்று நான் சொன்னது அந்த ஒரு வார்த்தை மட்டும். உள்ளே ஒளிந்திருந்துதான் கப்பல் சமையல்காரன் சில்வரின் சதியை ஜிம் கேட்கிறான். இனி இந்தப் பிள்ளைகளுக்கு பீப்பாய் மறக்காது. மறந்தால் என்னைக் கேளுங்கள்.

எல்லாச் சொல்லும் இப்படி வழிவிடாது. 'சுக்கான்' என்ற சொல்லுக்குப் பாய், கயிறு, கைப்பிடி என்று கால் மணி நேரம் சுற்றினார்கள். கதையில் பிடி கிடைக்கவில்லை. நானே பலகையில் படம் போட்டுக் காட்டிவிட்டேன். "டிராக்டருக்கு ஸ்டியரிங் மாதிரி" என்று ஒருவன் முடித்து வைத்தான். போதும், அதற்குமேல் இழுப்பதில் பலன் இல்லை.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "இதெல்லாம் தமிழ் வார்த்தையா டீச்சர்?" நல்ல கேள்வி. சுக்கானும் மாலுமியும் அரபியிலிருந்து வந்தவை, பீப்பாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. கடல் வழியே வியாபாரம் வந்தது, சொல்லும் கூடவே இறங்கியது. அதற்கு முன்பு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. கலம் ஓட்டுகிறவனை அகநானூறு 'நீகான்' என்கிறது, 'மீகாமன்' என்றும் பழைய நூல்களில் உண்டு. அதே கடல் வழியில் நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே கைதட்டல், ஏதோ கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி.

கடலையே பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் கதை எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். ஆனால் கதையின் பின்பாதியில் நடந்ததைக் கேளுங்கள். தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் என்பவன் மரச்சட்டத்தின்மேல் ஆட்டுத்தோலைப் போர்த்தி ஒரு சின்னப் படகு செய்து வைத்திருக்கிறான். இரவில் ஜிம் அதில் ஏறுகிறான். அது நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. இதை வாசித்ததும் வகுப்பு முழுவதும் "பரிசல்!" என்று கத்தியது. அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறவரின் மகன்தான் நடத்தினான். மூங்கில் பிளாச்சை எப்படி முடைவது, முன்பு தோல் கட்டிய இடத்தில் இப்போது பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூசுவது, ஒற்றைத் துடுப்பை எந்தப் பக்கம் எப்படிப் போட்டால் சுற்றாமல் போகும் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. ஜிம்முக்கு இது தெரியவில்லையே என்று எல்லோருக்கும் அவன்மேல் பரிதாபம் வேறு. அன்று பாடம் நடத்திய அந்தப் பரிசல்காரர் மகன் வகுப்பில் வாயே திறக்காத பையன்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. வீட்டில் கன்னடம் பேசும் ஒரு பெண், "ஹொகெ என்றால் புகை, கல் என்றால் பாறை" என்று ஒகேனக்கலுக்கு அர்த்தம் சொன்னாள். தினமும் சொல்லும் பெயர், முப்பது பேருக்குத் தெரியாது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவதால் பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வீட்டில் அந்த மொழி பேசுவதை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி தெரிந்த பிள்ளை ஒரு சொல்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறது.

கதையில் ரம் குடிக்கிறார்கள், கொலை வருகிறது என்று ஒரு தாய் சொல்லி அனுப்பியிருந்தார். உண்மைதான். முரட்டுக் கிழட்டு மாலுமி ஒருவனிடம், குடித்தால் செத்துப்போவாய் என்று டாக்டர் சொல்கிறார். அவன் கேட்பதாக இல்லை, கொஞ்ச நாளில் சாய்ந்தும் விடுகிறான். நம் ஊரில் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் வாசிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று கேட்பீர்கள். வராது. காலாண்டுத் தேர்வில் பீப்பாயைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தெரியாத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், ஒரு சொல் தெரியவில்லை என்று பேனாவைக் கீழே வைக்கிற பழக்கம் குறைந்திருப்பதை நான் பார்க்கிறேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சொற்பொருள் எழுதிய கைடு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். காலி இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், அண்ணன் அக்காவையும் நிரப்ப விடாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து நிமிடம் பிள்ளை கதை சொல்லும், டிவியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். உங்கள் வேலையில் புழங்கும் சொற்களைச் சொல்லுங்கள். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பாக்கள் போனில் சொன்னாலும் போதும். கதையில் கப்பல் பாயை மேலே ஏற்றும் கப்பி என்றால் என்ன என்று அப்படித்தான் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு வந்தது. கப்பி, சாரம், முடிச்சு வகைகள் என்று ஒரு பக்கம் நிறைந்தது. பாட்டிகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம், நோட்டு போதாது.

ஸ்டீவன்சன் 1881-ல் ஒரு மழைக்கால விடுமுறையில், வீட்டுக்குள் அடைந்து கிடந்த வளர்ப்பு மகனோடு ஒரு தீவின் வரைபடம் போட்டு விளையாடியதில்தான் இந்தக் கதை பிறந்தது. அடுத்த வாரம் பிள்ளைகளும் நம் ஊருக்கு ஒரு வரைபடம் போடப்போகிறார்கள். கரடு, ஓடை, மடுவு, குட்டை, துறை எல்லாவற்றுக்கும் ஊரார் சொல்லும் பெயர் வேண்டும். சனிக்கிழமை பிள்ளையோடு ஒரு நடை போய்க் காட்டுங்கள். ஆற்றுப் பக்கம் மட்டும் பெரியவர் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எட்டாம் எண் பிரதியைக் காணோம். யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் திங்கட்கிழமை கொடுத்து அனுப்புங்கள், யார் என்று கேட்க மாட்டேன். அந்தப் பிரதியை நம்பியிருக்கும் மூன்று பேருக்கு ஜிம் கரை சேர்ந்தானா என்று இன்னும் தெரியாது.

அன்புடன்,
தலைமையாசிரியை
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
பென்னாகரம் வட்டம்