பழைய பைக்குல சைடு பாக்ஸ் மாட்டுறவங்க கவனத்துக்கு

நண்பர்களே, பெட்டியைத் தாங்குற கம்பி ஸ்டாண்டை மட்கார்டுல மட்டும் பிடிக்காதீங்க. அதிர்வுல தகடு விரிசல் விட்டுரும். சேஸிஸ்லயும் (வண்டியோட இரும்புச் சட்டம்) ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டுலயும் பிடிக்கணும். போல்ட் நீளம் பத்தலைன்னா அதே தரத்துல நீளமானதா வாங்குங்க.

சைலன்சர் பக்கம்தான் தலைவலி. துணிப்பைன்னா கருகிரும், இடைவெளி விட்டு நடுவுல ஒரு தகடு வைங்க. மாட்டினதும் ஆளை உக்கார வெச்சு அமுக்கிப் பாருங்க, டயர்லயோ செயின்லயோ உரசக் கூடாது. கனமான சாமான் அடியில. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கட்டும்.

நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கிற, லேசுல கழலாத நட்) போட்டாலும் முதல் 50 கி.மீ. ஓடினதும் திரும்ப முறுக்குங்க. (நான் முறுக்கல. பெட்டி ஒருபக்கமா தொங்கிக்கிட்டே வீடு வந்துச்சு!)

துளை போடுறதுக்கு முன்னாடி குழுவுல படம் அனுப்புங்க, சேர்ந்து பார்த்துக்கலாம்.