மருத்துவப் புத்தகத் தட்டில் ஒரு நாவல்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் ‘ஆரோக்கிய நிகேதனம்’ மூலிகைப் புத்தகங்களுக்கும் சர்க்கரை நோய்க்கான சமையல் குறிப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைப் பார்த்து யாரோ அங்கே செருகிவிட்டார்கள் போல. மாமியாரின் மூட்டுவலிக்குக் கைவைத்தியம் ஏதாவது இருக்கும் என்று எடுத்து வந்தேன், பிடித்த நாவல் எது என்று கேட்டால் இப்போது யோசிக்காமல் அதைத்தான் சொல்கிறேன்.

தாராசங்கர் பந்த்யோபாத்யாய வங்காளியில் எழுதி 1956-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. தமிழில் த.நா. குமாரசுவாமி. ஜீவன் மசாய் என்ற கிராமத்து வைத்தியர் நாடி பிடித்தே சாவு நெருங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டருக்கு இது கொடுமையாகப் படுகிறது. சரி, நாட்டு வைத்தியம்தான் உசத்தி என்று முடிப்பார் என நினைத்தேன், அப்படியெல்லாம் இல்லை, டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கிழவருக்குள்ளும் கர்வம் இருக்கிறது. பெற்ற மகனின் நாடியிலேயே அவன் பிழைக்கமாட்டான் என்று அவர் தெரிந்துகொள்ளும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எப்போதும் குத்திக் குத்திப் பேசும் அவர் மனைவி மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மாமியாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். “இன்னிக்கு யாருக்கு நாள் குறிச்சாரு?” என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டில் எனக்கு முந்தைய முத்திரை பல வருடங்களுக்கு முன்னால் விழுந்தது. முன் அறை முழுக்கப் போட்டித் தேர்வு புத்தகங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் போட்ட பழைய மொழிபெயர்ப்புகளைக் கட்டுக் கட்டாக மூலையில் அடுக்கிவிட்டு, யாரும் எடுப்பதில்லை என்று பிறகு கழித்துவிட்டால் எப்படி? கண்ணில் பட்டால்தானே எடுப்பார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற உரிமையில் கேட்கிறேன், வாசலுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களுக்கென்று ஒரே ஒரு தட்டு ஒதுக்கினால் போதும். நூலகத் துறையினர் உங்கள் பக்கத்தைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்து அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ கேட்டிருக்கிறேன். கட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றிருக்கிறார் நூலகர்.

– ஒரு வாசகி, மன்னார்குடி