ப்ராகின் தரை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். தம்பிக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டதே, எனக்கே பெரிய நிம்மதி.

ப்ராக் எப்படி என்று கேட்டிருந்தாய். கோட்டை, சார்லஸ் பாலம், ஆறு எல்லாம் படத்தில் பார்ப்பது போலவேதான் இருக்கின்றன. பழைய நகர்மன்றக் கடிகாரத்தின் முன்னால் மணிக்கொரு தரம் கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்போஸ்தலர் பொம்மைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், சேவல் கூவும், கூட்டம் கலைந்துவிடும். 1410இல் செய்தது என்று நினைத்தால் மரியாதை வருகிறதுதான். ஆனாலும் அதற்காக முண்டியடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. எனக்குப் பிடித்தது அதன் வெளிவட்டம். சூரியன் மறைந்ததிலிருந்து 24 மணி எண்ணும் பழைய செக் நேரம் அதில் ஓடுகிறது. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து.

உண்மையைச் சொன்னால், நான் அந்த ஊரின் தரையைத்தான் அதிகம் பார்த்தேன். தெருவெல்லாம் கல் பாவியிருக்கிறது, கொஞ்சம் அசந்தால் கணுக்கால் பிசகிவிடும். இவர் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார், நான் குனிந்தபடி.

கடிகாரத்திலிருந்து மூலை திரும்பினால் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1618இல் இந்த ஊரில் கலகம் செய்த பிரபுக்கள், ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரிய அரச வம்சத்தின் பிரதிநிதிகளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்த கதையை நாம் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்களே, நினைவிருக்கிறதா? அதன் பின்கதைதான் இது. 1620இல் வெள்ளை மலைப் போரில் கலகக்காரர்கள் தோற்றார்கள். மறு ஆண்டு ஜூன் 21 அன்று, பிரபுக்களும் நகரத்தாருமாக 27 பேரை இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். அவர்களில் யெசேனியஸ் என்ற மருத்துவரும் ஒருவர். 1600இல் இதே ஊரில் எல்லோரும் பார்க்கப் பிணத்தை அறுத்து உடற்கூறு காட்டியவர், பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர். முதலில் நாக்கை அறுத்தார்கள், அப்புறம் தலையை. பன்னிரண்டு பேரின் தலைகள் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருடம் தொங்கினவாம். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் ஏதடி?

அதே சதுக்கத்தில் தரையில் ஒரு பித்தளைக் கோடும் உண்டு. அங்கிருந்த மாதா தூணின் நிழல் அதன் மேல் விழுந்தால் நண்பகல் என்று கணக்கு. 1650இல் வைத்த தூண் அது. 1918இல் நாடு விடுதலை பெற்ற சில நாளிலேயே, ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் அடையாளம் என்று கூட்டம் அதை இழுத்துத் தள்ளிவிட்டது. 2020இல் அதே போல ஒன்றைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் போன நேரம் ஒரே மேகமூட்டம், நிழலே இல்லை.

மதியம் ஒரு நிலவறையில் சாப்பிட்டோம். பூண்டு சூப் நம் நாக்குக்குப் பரவாயில்லை. இடைக்காலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து தெருக்களையே மேடாக்கிவிட்டதால், அன்றைய தரைத்தளங்கள் பலவும் இன்று நிலவறைகள் ஆகிவிட்டன.

பக்கத்திலுள்ள யூதர் இடுகாட்டிலும் தரைதான் விஷயம். இடம் போதாமல் மண் கொட்டி, ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்திருக்கிறார்கள். கற்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து கிடக்கின்றன. அதை ஒட்டிய பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். நான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். வெளியே தெருவிலும் அங்கங்கே, அப்படிப் பலியானவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில், உள்ளங்கை அளவு பித்தளைக் கல். பெயர், பிறந்த வருடம், எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று பொறித்திருக்கிறது.

சாயங்காலம் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனை வரை நடந்தோம். அருங்காட்சியகத்தின் முன்னால் தரையோடு தரையாக ஒரு வெண்கலச் சிலுவை இருக்கிறது, அடியிலிருந்து யாரோ நெட்டித் தள்ளியது போல மேடு தட்டி. சோவியத் படை நுழைந்தபின் ஜனங்கள் துவண்டு போனதைப் பொறுக்காமல், 1969 ஜனவரியில் யான் பாலாக் என்ற 20 வயது மாணவன் அங்கே தீக்குளித்தான். கல்லூரிப் பையன்கள் சிலர் அதைச் சுற்றிப் போனார்கள், ஒருவனும் மிதிக்கவில்லை. இவரும் அங்கேதான் முதல்முறையாகக் கீழே பார்த்தார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளி நூற்றாண்டு விழா அழைப்பு எனக்கும் வந்தது. நீ போவதானால் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடு. இரண்டும் கீழ் பெர்த்தாகப் பார்.

அன்புடன்,
கமலா